வெள்ளை ஒன்று, மஞ்சள் பாதி

புனே கேம்பில் எங்கள் சந்தில் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் வியாதிக்காரர்கள் வெளியே வருவார்கள். சிவாஜி மார்க்கெட்டில் கடை கட்டிவிட்டு வருகிறவர், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிற அக்கா, காய்ச்சலில் துவளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் அப்பா என்று எல்லாரும் முனை டாக்டரின் மரப்பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் தமிழில் இருமினாலும் மராத்தியில் புலம்பினாலும் கம்பவுண்டருக்குப் புரியும். இரண்டு நாளைக்கு மாத்திரை, தேவைப்பட்டால் ஒரு ஊசி. பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கே பஞ்சமில்லை. கோலிபார் மைதானத்துப் பக்கம் கன்டோன்மென்ட் போர்டின் சர்தார் வல்லபாய் படேல் மருத்துவமனை இருக்கிறது. கொஞ்சம் தள்ளினால் 1867-இல் கட்டிய சாசூன் அரசு ஆஸ்பத்திரி. ஆனால் அரசு ஆஸ்பத்திரி என்றால் காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போச்சு. 2017-18-இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வும் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று காட்டியது. நகரங்களில் ஆஸ்பத்திரியில் தங்காமல் வைத்தியம் பார்த்தவர்களில் அரசு மருத்துவமனைக்குப் போனவர்கள் கால்வாசிதான். மற்றவர்களில் பெரும்பாலோர் போனது தனி டாக்டரிடம். அவர்களை அறியாமைக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கதவு திறந்திருக்கும் இடத்துக்குத்தானே ஜனங்கள் போவார்கள்?

முனை டாக்டரை நான் குறை சொல்லவில்லை. மகாராஷ்டிரத்துச் சந்துகளில் பாதி ராத்திரியில் கூப்பிட்டாலும் எழுந்து வருகிறவர் பெரும்பாலும் ஆயுர்வேதமோ ஹோமியோபதியோ படித்தவர். ஓராண்டு மருந்தியல் படிப்பு முடித்த ஹோமியோபதி டாக்டர்கள் ஆங்கில மருந்து எழுதலாம் என்று 2014-இலேயே இங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. என் கவலை பட்டத்தைப் பற்றியதல்ல, அவர் கொடுக்கும் பொட்டலத்தைப் பற்றியது.

எதிர்வீட்டு அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும்; வைத்தியம் முனை டாக்டரிடம்தான். ஒருநாள் நடுராத்திரி தலைசுற்றி விழுந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று அங்கிருந்த இளம் டாக்டர் கேட்டார். "பாண்ட்ரி கோளி" என்றார் அத்தை மராத்தியில். வெள்ளை மாத்திரை. காலையில் ஒன்று, கூடவே மஞ்சள் பாதி. முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், அட்டையிலிருந்து உரித்துப்போட்ட மாத்திரைகள். பெயரும் இல்லை, அளவும் இல்லை. இவ்வளவு வருட வைத்தியத்துக்கு ஒரு வரி எழுத்துகூட இல்லை. எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கியது. அத்தை பிழைத்தார். அந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு உயிரே இல்லை.

அவருடைய தங்கை திருப்பத்தூரில் இருக்கிறார். அதே வியாதிதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பெயர் போட்ட அட்டையோடு. அக்கா தங்கை இருவரும் போனில் பேசிக்கொள்ளும்போது கேட்டால் மனசு பிசைகிறது.

2006-ஆம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டப்படி மருத்துவமனையும் மருந்தகமும் நடத்துவது போர்டின் கடமை. அந்தக் கடமையில் சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு ஓ.பி. சேரட்டும். இரண்டு மணி நேரம் போதும்.

அதுவரை நம் கையில் ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் நாளைக்கு டாக்டரிடம் போகும்போது ஒரு சின்ன நோட்டை நீட்டி, "இதில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள்.