ஆகாயத்தில் ஐம்பது சதுர அடி

நம் வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விரும்பிப் பார்க்கும் காணொளிகளில் ஒரு வகை உண்டு. யாரோ ஒருவர் பெரிய விமானத்தின் முதல் வகுப்பில் பதின்மூன்று மணி நேரம் பறக்கிறார். அறைக் கதவைச் சாத்திக் கொள்கிறார். விமான நிறுவனம் கொடுத்த இரவு உடைக்கு மாறுகிறார். கேவியர் என்கிற மீன் முட்டையைக் கரண்டியில் அள்ளித் தின்கிறார். மெத்தை விரித்துக் கொடுக்க ஆள் வருகிறது. பார்த்து முடித்த பிள்ளை, "நாம எப்பம்மா இதுல போவோம்?" என்று கேட்கிறது.

கேள்வியில் தப்பில்லை. பெரியவர்கள் நாம் சொல்லும் பதிலில்தான் குறை. "நல்லாப் படிச்சா போகலாம்" என்று முடித்து விடுகிறோம். நம் சமுதாய மேடைகளில் தன்முனைப்புப் பேச்சாளர்களும் இதையேதான் கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, பணம் யார் கட்டுகிறார்கள், அந்த அறையைச் சுத்தம் செய்பவர் என்ன சம்பளம் வாங்குகிறார் என்று யாரும் பேசுவதில்லை. ஆகவே நாம் பேசுவோம்.

2007 அக்டோபர் 25-ஆம் தேதி, ஏ380 என்ற இரட்டை மாடி விமானத்தை உலகிலேயே முதலாவதாகச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணிகள் சேவையில் விட்டது. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் போன அந்த முதல் பயணத்தின் டிக்கெட்டுகளை ஈபே இணையத் தளத்தில் ஏலம் விட்டு, கிடைத்த பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தார்கள். அந்த விமானத்தில் 'சூட்ஸ்' என்ற பெயரில் கதவு வைத்த 12 தனி அறைகள் இருந்தன. 2017-இல் அதைப் புதிதாக வடிவமைத்தபோது 12 அறைகளை 6 ஆக்கினார்கள். அறை பெரிதானது, ஆள் குறைந்தது. இந்தப் புதிய அமைப்பில் மொத்தம் 471 பேர் போகலாம். அதில் 343 பேர் சாதாரண வகுப்பு. ஆறு பேர் மட்டும் மேல் மாடியின் முன்பகுதியில், ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பது சதுர அடியில், நாற்காலி தனி, கட்டில் தனி என்று போகிறார்கள்.

எமிரேட்ஸ் நிறுவனம் 2008-இல் தன் ஏ380 விமானத்தில் குளியலறையே வைத்தது. முதல் வகுப்புப் பயணிகள் 14 பேருக்கு இரண்டு குளியலறைகள், ஆளுக்கு ஐந்து நிமிட வெந்நீர். எத்திஹாட் 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போய், கூடம், படுக்கையறை, குளியலறை என்று ஒரு சிறு வீட்டையே விமானத்தில் கட்டியது. அதில் இரண்டு பேருக்குத்தான் இடம். கவனித்துக் கொள்ளத் தனிப் பணியாளரும் அப்போது இருந்தார்.

ஐம்பது சதுர அடி என்ற அந்தக் கணக்கைக் கொஞ்சம் கீழே தரைக்குக் கொண்டு வந்து பாருங்கள். நம் நாட்டில் முதலாளி கொடுக்கும் தொழிலாளர் தங்குமிடத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2020-இல் கடுமையாக்கப்பட்ட விதிகளின்படி, பொதுக் கூடத்தில் படுக்கும் தொழிலாளிக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் தூங்கும் இடம் கொடுக்க வேண்டும். அதாவது சுமார் 32 சதுர அடி. ஆண்டுக் கணக்கில் தங்கி உழைக்கிற மனிதனுக்குத் தரையில் 32 சதுர அடி. ஓர் இரவு பறந்து போகிறவருக்கு ஆகாயத்தில் 50 சதுர அடி. அந்த 32-ஐக்கூடக் கொடுக்காத முதலாளிகள் இருந்ததால்தான் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டி வந்தது.

சரி, இதற்கு என்ன விலை? சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு இந்த அறையில் போய்வர பத்தாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும். நம் காசில் முப்பதாயிரம் வெள்ளிக்கும் மேல். 2025 முதல் நம் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. உண்ணாமல் உடுத்தாமல் ஒன்றரை வருடம் உழைத்தால் ஒரு டிக்கெட். அதையும் ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டுவார் என்று நினைக்காதீர்கள். சொந்தக் காசில் போகிற கோடீசுவரர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் கம்பெனி கணக்கில் போகிறவர்கள், அரசாங்கக் கணக்கில் போகிறவர்கள், கடன் அட்டையில் சேர்த்த புள்ளிகளில் போகிறவர்களும் அங்கே நிறைய. காணொளி எடுக்கிறவர்களில் பலரும் புள்ளிக்காரர்கள்தான். கம்பெனி கட்டினால் அது செலவுக் கணக்கில் ஏறுகிறது. அரசாங்கம் கட்டினால் அது நம் வரிப்பணம். புகைக் கணக்கும் ஒன்று உண்டு. நெடுந்தூரப் பயணத்தில் முதல் வகுப்பில் போகும் ஒருவருக்கு, சாதாரண வகுப்பில் போகிறவரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கரிப்புகையைப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணக்கீடு எழுதுகிறது. இடத்தை அடைத்துக் கொள்வதால் வரும் கணக்கு இது.

முன்னால் உட்காருகிறவர் கட்டும் பெரிய பணத்தால்தான் பின்னால் நமக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் வாதாடுவார்கள். முழுப் பொய்யும் இல்லை. விலை உயர்ந்த இருக்கைகளை நம்பித்தான் பெரிய விமான நிறுவனங்கள் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பாரத்தை இன்று பெரும்பாலும் தாங்குவது வணிக வகுப்பு. அங்கேயும் இப்போது நாற்காலி கட்டிலாக நீள்கிறது. முதல் வகுப்பு பல இடங்களில் கௌரவத்துக்கு மாட்டிய விளம்பரப் பலகையாகி விட்டது.

நம் மாஸ் நிறுவனத்தையே பாருங்கள். 2012-இல் ஏ380 வாங்கி லண்டனுக்கு விட்டார்கள், அதில் 8 முதல் வகுப்பு இருக்கைகள். 2014-இல் எம்.எச்.370, எம்.எச்.17 என இரண்டு பெரும் துயரங்கள். ஏற்கெனவே நட்டத்தில் கிடந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த கஸானா 600 கோடி வெள்ளித் திட்டம் போட்டது. 2015-இல் சுமார் 20,000 ஊழியர்களில் 6,000 பேருக்கு வேலை போனது. எட்டு இருக்கைகளால்தான் நட்டம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் அது அறியாமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 6,000 பேர் வெளியே போன பிறகும் முதல் வகுப்பு இருந்தது. 2018 டிசம்பரில்தான் அந்தப் பெயரை எடுத்து 'பிசினஸ் சூட்' என்று மாற்றினார்கள். ஆட்குறைப்பு முதலில் கீழ்த்தட்டில் தொடங்குவது ஏன்? இந்தக் கேள்வியை அன்று நம் தலைவர்களில் எத்தனை பேர் கேட்டார்கள்?

வகுப்புப் பிரித்துப் பயணம் போவது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பாட்டிமார் இந்த மண்ணுக்கு வந்ததே அப்படித்தான். 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இறக்கும். மேலே சில பேருக்கு முதல் வகுப்பு அறைகள். டெக்கில் ஆயிரக்கணக்கான சனம். பாயும் தகரப் பெட்டியும்தான் அவர்கள் இடத்துக்கு எல்லை. சுமார் ஒரு வாரப் பயணம்.

இறங்கிய பிறகும் டிக்கெட் பேசியது. டெக்கில் வந்தவர்களைப் பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் நோய்த் தடுப்பு முகாமில் அடைத்து வைத்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். மேல் வகுப்பில் வந்தவர்களுக்கு அந்த முகாம் இல்லை. அம்மையும் காலராவும் டிக்கெட் பார்த்தா ஒட்டும்?

இன்று நம்மவர் பெரும்பாலோர் ஊருக்குப் போவது மலிவு விமானத்தில். ஏர் ஏசியாவை 2001-இல் ஒரு வெள்ளிக்கு, அதன் கடனோடு சேர்த்து வாங்கினார்கள். 2008 டிசம்பரில் அது திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியபோது, வாழ்நாளில் விமானம் ஏறாத எத்தனையோ தோட்டத்துக் கிழவிகள் ஊர் மண்ணை மிதித்தார்கள். 180 இருக்கை, ஒரே வகுப்பு, திரை கிடையாது. முழங்கால் முன் சீட்டில் இடிக்கும், தண்ணீரும் காசுக்குத்தான். ஆனாலும் அந்த மூன்றரை நான்கு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் மேல் இல்லை. எனக்கு அது பிடிக்கும்.

இப்போது விமான நிலையத்துக்கு வருவோம். 1998 ஜூன் 27-இல் திறக்கப்பட்ட கே.எல்.ஐ.ஏ.வுக்காக செப்பாங்கில் ஒதுக்கிய நிலம் 100 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி செம்பனைத் தோட்டங்கள். தெமுவான் பூர்வகுடி மக்களின் கிராமமும் இடம் பெயர்க்கப்பட்டது. மரம் வெட்டி, குலை சுமந்து வாழ்ந்த நம் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் பலர் இன்று அதே வட்டாரத்தில் பெட்டி தூக்குகிறார்கள், சமையல் கூடத்தில் தட்டு அடுக்குகிறார்கள், காவலுக்கு நிற்கிறார்கள், விமானத்தைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். "பிள்ளைகள் எப்போது முதல் வகுப்பில் நுழைவார்கள்" என்று கேட்கிறோமே, நம் தாய்மார்கள் ஏற்கெனவே நுழைந்துதான் இருக்கிறார்கள். கையில் துணியும் குப்பைப் பையும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேலை என்ன என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கடைசிப் பயணி இறங்குவதற்கும் அடுத்த பயணி ஏறுவதற்கும் நடுவில் உள்ள நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். மெத்தை உறை, போர்வை, தலையணை அத்தனையும் மாற்ற வேண்டும். இருக்கை பெரிதாகப் பெரிதாக இடுக்கும் பெரிதாகும். முழங்கால் போட்டுக் குனிந்து ஒவ்வோர் இடுக்கிலும் கை விட்டுத் துடைக்க வேண்டும். கண்ணாடியில் விரல் ரேகை இருக்கக் கூடாது, கழிவறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது. மிச்சம் கிடக்கும் பிரிக்காத சாக்லேட்டை எடுத்துப் பைக்குள் போட்டால் அது திருட்டு. நெடுந்தூர விமானங்கள் பல இரவிலும் விடியலிலும் வந்து போவதால் வேலையும் இரவு சிஃப்டில்தான். பேருந்து இல்லாத நேரம்.

இவர்களில் பலர் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர், குத்தகைக்காரரின் ஆட்கள். குத்தகை இரண்டு வருடமோ மூன்று வருடமோ. அது முடிந்ததும் வேறு கம்பெனி வரும். அதே பெண், அதே விமானம், அதே கழிவறை. ஆனால் சட்டைமேல் வேறு பெயர், தாளில் "புதிய தொழிலாளி". பன்னிரண்டு வருடம் வேலை செய்தவருக்கும் சம்பளம் அடிமட்டத்திலிருந்து, ஆண்டு விடுப்பு எட்டு நாளிலிருந்து மறுபடி ஆரம்பம். அரசாங்கப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் ஆண்டாண்டாகப் படும் பாடும் இதுவேதான். முப்பதாயிரம் வெள்ளி டிக்கெட்டில் மலர்க்கொத்துக்குக்கூட இடம் இருக்கிறது, துடைக்கிறவரின் சேவைக் காலத்துக்கு இடம் இல்லை.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. குத்தகை மாறும்போது பழைய ஆட்களை அவர்களுடைய சேவைக் காலத்தோடு புதிய கம்பெனி ஏற்றுக் கொள்ள வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதச் சொல்கிறோம். அரசாங்கப் பணம் புழங்கும் நிறுவனங்கள் இதை முதலில் செய்யட்டும். அடுத்த முறை உங்கள் தொகுதி ஒய்.பி. கோயில் திருவிழாவுக்கு வந்து மாலை வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். போன முறை வெளிநாடு போனபோது எந்த வகுப்பில் போனீர்கள், யார் கட்டினார்கள்? குத்தகைத் தொழிலாளர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் எப்போது கேட்டீர்கள்? சிரித்து மழுப்பினால் அதையும் நாலு பேரிடம் சொல்லுங்கள்.

துப்புரவு வேலையில் இருக்கும் சகோதரிகள் ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். குத்தகை முடியும் சமயத்தில் சுப்பர்வைசர் ஒரு கடிதத்தை நீட்டி, "அடுத்த கம்பெனியில் சேர இதில் கையெழுத்துப் போடு" என்பார். அவசரப்படாதீர்கள். கடிதத்தின் தலைப்பில் 'பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான்' என்று இருந்தால் அது நீங்களாக வேலையை விடும் ராஜினாமா. போட்டுக் கொடுத்தால் நட்ட ஈடு கேட்க முடியாமல் போகும். கம்பெனி உங்களை நிறுத்துகிறது என்றால் 'பெனாமாத்தான்' கடிதம் கேளுங்கள். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரே முதலாளியிடம் ஒரு வருடத்துக்கு மேல் ஆனவருக்கு வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு வருடம் ஆனால் பதினைந்து நாள், ஐந்து வருடம் ஆனால் இருபது நாள். ஒரே கம்பெனியில் பன்னிரண்டு வருடம் என்றால் 240 நாள் சம்பளம், 1,700 வெள்ளிக் கணக்கில் 13,000 வெள்ளிக்கு மேல். அந்த ஐம்பது சதுர அடியின் போய்வரும் டிக்கெட்டில் பாதிகூட இல்லை, ஆனாலும் அது உங்கள் பணம். கொடுக்க மறுத்தால் சம்பளச் சீட்டுகளோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். காரணமில்லாமல் நீக்கினார்கள் என்றால் தொழிலியல் உறவு இலாகாவில் 60 நாள்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். 61-ஆவது நாள் போனால் வாங்க மாட்டார்கள்.