கூரையில் ஒரு காலதர்

சாளரத்திற்குக் காலதர் என்பது பழந்தமிழ்ப் பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. மனிதர் புகுவதற்கு ஒரு வாயில் வேண்டுவது போலவே காற்றுப் புகுவதற்கும் ஒரு வழி வேண்டும் என்று உணர்ந்தவர்களே இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். ஆயினும், புகுந்த காற்று வெப்பமுற்றபின் எவ்வழியே வெளியேறும் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் நடுவே வானம் பார்த்துக் கிடக்கும் முற்றம் அவ்வினாவிற்கு ஒரு விடை. தகரத்தாலும் கல்நார்த் தகட்டாலும் கூரை வேய்ந்த இக்காலப் பட்டறைக்கு முற்றம் ஏது? அங்கே வெப்பம் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

நெய்வேலியில் இதன் கொடுமையை நன்கு காணலாம். சித்திரைப் பிற்பகுதியில், அக்கினி நட்சத்திர நாள்களில், மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும். பிற்பகலில் வங்கக் கடலின் காற்று வந்து ஊரைச் சற்றே தணிக்கும். ஆனால் அக்குளிர்ச்சி தகரக் கொட்டகைக்குள் எளிதில் எட்டுவதில்லை. பகலெல்லாம் காய்ந்த கூரை தன் அடியிலுள்ள காற்றைச் சுடவைக்கிறது. சுட்ட காற்று இலேசாகி மேலே தங்கிவிடுகிறது. கீழே உலைமுன் நிற்கும் தொழிலாளிக்கு மேலும் ஓர் உலை!

இவ்வெப்பத்தை வெளியேற்றும் எளிய கருவி ஒன்று உண்டு. கூரையின் உச்சியில், பெரிய வெங்காயம் போன்ற வடிவில், வெள்ளிபோல் ஒளிர்ந்து சுழன்றுகொண்டிருக்கும் உலோகக் குமிழைப் பலரும் கண்டிருப்பர். கடைவீதியில் அதனை டர்போ வென்டிலேட்டர் என்பர். காற்றுச் சுழலி என்று தமிழில் வழங்கலாம். வளைந்த தகடுகள் பலவற்றை வட்டமாக இணைத்து, நடுவே ஓர் அச்சில் நிறுத்தியிருப்பார்கள். எத்திசையிலிருந்து காற்று வீசினும், ஒருபுறத்துத் தகடுகளின் குழிந்த பக்கம் அதனை ஏற்றுக்கொள்ளும். மறுபுறத்துத் தகடுகளின் புடைத்த பக்கம் வழுக்கி விட்டுவிடும். அதனால் குமிழ் சுழல்கிறது. சுழலும்போது தன்னுள் இருக்கும் காற்றை வெளியே வீசுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பக் கூரையடியிலுள்ள வெப்பக்காற்று மேலேறி வருகிறது. வெளியே காற்றே இல்லாத வேளையிலும், வெப்பக்காற்று தானே எழுந்து அதன் கழுத்து வழியே ஓரளவு வெளியேறும். ஆஸ்திரேலியாவில் இத்தகைய சுழலிகள் 1930களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. தமிழகத்திலோ இவை பரவியது மிகவும் பிற்காலத்தில்தான்.

மின்சாரம் பிறக்கும் ஊரில் மின்சாரம் வேண்டாத கருவியைப் புகழ்வது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் அம்மின்சாரம் பிறக்கும் வகையைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். நெய்வேலிச் சுரங்கப் பணி 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நேருவால் தொடங்கி வைக்கப்பெற்றது. 1961இல் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. அம்முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வுபெற, அதற்குப் பின் எழுந்தவை இன்று உழைத்து வருகின்றன. பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டும். அதில் ஒரு டன் எடுப்பதற்கு ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்றியாக வேண்டும். எழுபத்தைந்து வாட் மின்விசிறிகள் இருபது எட்டு மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு யூனிட் செலவாகும். ஒரு கொட்டகையின் ஒரு நாள் காற்றுக்காகப் பன்னிரண்டு கிலோ நிலக்கரியும், அதனை மூடியிருந்த அறுபது லிட்டருக்குக் குறையாத மண்ணும் பெயர்கின்றன என்பதே இக்கணக்கின் பொருள். அம்மண் யாரோ ஓர் உழவரின் வயலாக இருந்தது. 2023இல் வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயலிலே சுரங்கத்திற்கான கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த கலக்கத்தை நாடு அறியும்.

அன்றியும், தகரக் கூரையின்கீழ் மின்விசிறி செய்யும் வேலைதான் என்ன? மேலே தேங்கிய வெப்பக்காற்றையே கீழே தள்ளித் தலைமேல் பொழிகிறது. வியர்வை உலர்வதால் சிறிது சுகம் தோன்றும். வெப்பமோ கொட்டகையை விட்டு நீங்குவதில்லை. முதலில் வெப்பத்தை வெளியே அனுப்பிவிட்டுப் பின்னர் விசிறியைச் சுழற்றுவதே முறை.

சுழலியை மாயக் கருவி என்று எண்ணிவிடலாகாது. பன்னிரண்டு மாதமும் இது குளிரூட்டும் என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பலாகாது. வெளிக்காற்றின் வெப்பம் நாற்பது பாகையாயின், கொட்டகைக் காற்றை அதற்குக் கீழே இதனால் இறக்க முடியாது. காய்ந்த தகடு வீசும் அனலையும் இது தடுக்காது. அதற்குக் கூரையின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல் வேண்டும். காங்கிரீட் தளம் போட்ட குடியிருப்பு வீடுகளில், தளமே வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் உமிழ்வதால், இதன் பயன் சிறிதே.

பலரும் செய்யும் பிழை மற்றொன்று. கூரையில் சுழலியை ஏற்றிவிட்டுக் கதவு சாளரங்களை அடைத்து விடுகின்றனர். உள்ளே வருவதற்கு வழியில்லையேல் வெளியே போவதற்குக் காற்று எங்கிருந்து கிடைக்கும்? இரண்டடி அகலக் கழுத்துடைய சுழலியின் வாய் மூன்று சதுர அடிக்குச் சற்று மிகும். அதற்குக் குறையாத திறப்பு, நிழல் விழும் பக்கத்தில், தரைக்கு அருகே இருத்தல் வேண்டும். கூரையை ஒட்டிய சாளரத்தைத் திறந்துவைத்தாலோ, காற்று அங்கே நுழைந்து அப்படியே மேலே போய்விடும். கீழே நிற்பவருக்கு ஒரு பயனும் இராது.

ஆதலின் நெய்வேலியிலும் மந்தாரக்குப்பத்திலும் உள்ள பட்டறைகள், கிடங்குகள், மாணவர் அமர்ந்துண்ணும் தகரக் கூடங்கள் ஆகியவற்றில் இச்சுழலிகளை முதலில் அமைத்தல் நன்று. பங்குனி பிறக்குமுன் ஏணி வைத்து ஏறி, தாங்கியில் படிந்த தூசியைத் துடைத்துக் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்க்க வேண்டும். கிறீச்சிடுகிறதே என்று கயிற்றால் கட்டி நிறுத்தி வைப்பாரும் உளர். தாங்கியை மாற்ற அரை நாள் போதும்.