வாசல் செடியைக் கத்தரித்தால் தழை எங்கே போகும்?

பண்ணை வீடு கட்டி வெள்ளையடித்து முடித்ததும் அடுத்த வண்டி நர்சரியில் இருந்துதான் வருகிறது. குரோட்டன், மஞ்சள் டுரான்டா, சிவப்பு அக்காலிபா, அடுக்கு அரளி. வருஷம் முழுக்க இலை உதிராது, கலர் கலராக நிற்கும், ஆடு மாடு கடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மூன்றும் உண்மைதான். எனக்கு அந்த மூன்றாவதோடுதான் சண்டை. ஆடு கடிக்காத செடி என்றால், நாம் வெட்டிப் போடும் தழையும் ஆட்டுக்கு ஆகாது என்றுதானே பொருள்?

வாசலில் அழகுக்குச் செடி வைப்பதையே தப்பு போலப் பேசுகிற நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பகல் முழுக்கக் காட்டில் கிடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற மனுஷனுக்கு, வாசலில் நாலு நிறம் பார்க்க வேணும்தான். ஆனால் பச்சை மாறாத புதர்ச்செடி சும்மா நிற்காது, வளர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கவாத்து பண்ணியே ஆகணும். டுரான்டா வேலியோ மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை கத்தரி கேட்கும். அந்தத் தழை எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற செடியை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காகவே அதைத் தோட்டமாகப் போடுகிறார்கள், நாலு வழிச்சாலை நடுவிலும் வரிசையாக நிற்கிறது. வறட்சி தாங்கும், பூ ஓயாது. குறை சொல்ல முடியாத செடி, ஆடு மாடு இல்லாத இடத்தில். இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. இதயத்தைத் தாக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பால் மாடு ஒதுக்கிவிடும். வெட்டிப் போட்டு வாடிக் காய்ந்த பிறகு கசப்பு தெரிவதில்லை, மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். நஞ்சோ காய்ந்தாலும் அப்படியே இருக்கும். ஒரு கைப்பிடி இலை ஒரு மாட்டுக்குப் போதும். எரித்துவிடலாம் என்றால் புகையும் ஆகாது. கட்டுத்தறிக்குப் பக்கத்தில் அரளி வைத்திருப்பவர்கள், செடியை விட வெட்டிப் போட்ட கிளைக்குத்தான் பயப்பட வேண்டும்.

உண்ணிச்செடி கதை எல்லோருக்கும் தெரியும். அதுவும் பூ அழகுக்காக வந்ததுதான். 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தைப் பறவை தின்று விதையைப் பரப்பி, இன்றைக்கு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் புல் முளைக்க இடமில்லாமல் பண்ணிவிட்டது. மாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடமெல்லாம் தோல் வெடிக்கும். அதே செடியின் குட்டை ரகங்களை மஞ்சள், ஊதா என்று கலர் பிரித்து இப்போதும் நர்சரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்படியானால் எதை வைப்பது? மஞ்சள் வேணும் என்பவர்களுக்கு என் பதில் லச்சகொட்டைக் கீரை. நஞ்சுகொண்டான் என்றும் சொல்வார்கள், யாழ்ப்பாணத்தில் சண்டி. நல்ல வெயிலில் வைத்தால் கொழுந்து முழுக்க எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும். டுரான்டாவை விட எந்த விதத்தில் குறைச்சல் என்று எனக்குப் புரியவில்லை. விட்டால் மரமாகப் போகும், இடுப்பளவில் வெட்டிக்கொண்டே இருந்தால் புதராக நிற்கும். வெட்டுகிற கொழுந்து பருப்போடு கூட்டாகும், முற்றிய இலை ஆட்டுக்கு. கவாத்தே அறுவடை.

சிவப்புக்குச் செம்பருத்தி இருக்கிறது. ஐந்திதழ் நாட்டு ரகமே போதும். தேன்சிட்டு வரும், இலையும் பூவும் தலைக்கு ஆகும், மிச்சத் தழையை ஆடு விரும்பித் தின்னும். வெட்சி நம்ம மண்ணின் செடி, இட்லிப்பூ என்று சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரியும். சுண்ணாம்புச் சத்து அதிகமான நிலத்திலும் உப்புத்தண்ணீர்க் கிணற்றிலும் மட்டும் அது அழும்: நரம்பு பச்சையாக இருக்க இலை வெளுக்கும். மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாததால் வருகிற வெளுப்பு அது. தொழுவுரமும் இலைமக்கும் தாராளமாகப் போட்டு மூடாக்கு போடுங்கள். அப்படியும் தேறவில்லை என்றால் அந்த இடத்துக்கு அது வேண்டாம், நந்தியாவட்டை வையுங்கள்.

ஆடு உள்ளே வராமல் ஓரத்தில் வேலி வேண்டும் என்றால் ஆடாதொடையும் நொச்சியும். இவற்றையும் ஆடு தொடாதுதான், ஆனால் தழைக்கு வேலை இருக்கிறது. பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு இலை தேடி ஊர் சுற்ற வேண்டாம், நொச்சியைத் தானியக் குதிரிலும் போடலாம்.

தவசிக்கீரையும் நல்ல பச்சைப் புதர், மூன்றடியில் நிறுத்தலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: வேக வைத்து, அளவாகச் சாப்பிடுகிற கீரை அது. 1990களில் தைவானில் உடம்பு இளைக்கும் என்று பச்சைச் சாறாகத் தினமும் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

குரோட்டன் பிடித்தவர்கள் குரோட்டனே வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆட்டுக்கு ஆகாது, பால் பட்டால் துணியில் கறை போகாது. ஆனால் தடித்த இலை மெதுவாக மக்கும், தென்னம்பாத்தி மூடாக்குக்கு நல்லது. நிழலில் வைத்துவிட்டு நிறம் வரவில்லை என்று மட்டும் புலம்பாதீர்கள். வெயில் இல்லாவிட்டால் பெரும்பாலான ரகம் பச்சைக்குத் திரும்பிவிடும். சில சமயம் புள்ளியும் கோடும் இருக்கிற செடியில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகக் கிளம்பும். பச்சையம் அதிகமாக இருப்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். அதைப் பார்த்த அன்றே அடியோடு எடுத்துவிடணும்.

இனி கத்தரி விஷயம். வேலிக் கத்தரியை எடுத்து எல்லாச் செடியையும் பெட்டி போலவும் பந்து போலவும் மொட்டையடிக்கிற வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. செம்பருத்தியும் வெட்சியும் புதுக் கிளையின் நுனிப்பக்கம்தான் பூக்கும். அடிக்கடி நுனியை வழித்தால் பூ எங்கிருந்து வரும்? இன்னொரு சங்கதி, இது நமக்கு முக்கியம். ஒரே சமயத்தில் எல்லா நுனியையும் வெட்டினால் ஒரே சமயத்தில் இளம் துளிர் கொப்பளித்து வரும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் அது விருந்து. பிறகு மருந்துக்கடைக்காரர் வந்து நிற்பார். 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. வாசல் செடிக்கு மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

அதனால் கைக்கத்தரி போதும். உள்ளே கையை விட்டு, காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது இவற்றை முதலில் எடுங்கள். பிறகு நீண்டு போன கிளைகளில் ஒன்று விட்டு ஒன்றை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். வேலியாகவே வேணும் என்றால் அடி அகலம், மேல் குறுகல். தலைகீழாக விட்டால் நிழலில் அடி இலை கொட்டி, கீழே வெறும் குச்சிதான் தெரியும். வெட்டுவதற்கு முன்னால் தையல்சிட்டு, கொண்டைக்குருவிக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்தப் புதர்கள்தான் அவற்றுக்கு வீடு.

கத்திரி வெயிலில் கத்தரியைத் தொடவே வேண்டாம். நிழலில் பழகிய உள் இலை திடீரென்று வெயில் பட்டுக் கருகும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெட்டுவாய் அழுகும். தை மாதம் ஒன்று, ஆடியில் முதல் மழை கண்டதும் ஒன்று, இது போதும். ஆடியில் வெட்டுவதில் கூடுதல் லாபம், வெட்டிய குச்சியே நாற்று. லச்சகொட்டையோ செம்பருத்தியோ, பென்சில் தடிமனுக்குக் குறையாமல் முக்கால் அடிக் குச்சி எடுத்து, மேல் இரண்டு இலையை மட்டும் விட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி நிழலில் ஊன்றி வையுங்கள். நர்சரிக்குப் போகும் முன் பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்க, கவாத்து நேரத்தில் குச்சி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.