கண்டதும் கற்றதும்: பனிமேல் ஓடும் வண்டி



வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நினைவுக்கு வரும். தில்லிக்குக் குடிவந்த பின்னர் கம்பளியின் அருமையை அறிந்தோமே ஒழிய, முழங்கால் ஆழம் வெண்பனி மூடிய நிலத்தைக் கண்டதில்லை. சென்ற குளிர்காலத்தில் அக்குறையும் தீர்ந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலம் திறக்கப்பெற்று, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரெயில் ஓடத் தொடங்கிற்று. ரெயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அப்பாலத்தைக் கடந்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தது இயல்பே. பாஸ் எழுதி வாங்கி, மனைவியையும் இளைய மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். ஸ்ரீநகரிலிருந்து மோட்டாரில் குல்மார்க் சேர்ந்தோம். கடல் மட்டத்திற்குச் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது.

அங்கே பனிமேல் ஓடும் ஒருவகை மோட்டார் வண்டியை வாடகைக்கு விடுகிறார்கள். ஸ்நோமொபைல் என்பது அதன் பெயர். முன்புறம் சறுக்குக் கட்டைகள் இரண்டு. பின்புறம் சக்கரத்திற்குப் பதிலாக ஓயாமல் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று. ஓட்டுபவர் முன்னால் அமர, நாம் அவருக்குப் பின்னால் அமர வேண்டும்.

இவ்வண்டி விளையாட்டுக்காகத் தோன்றியதன்று. கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்னும் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மோட்டார் மெக்கானிக் வாழ்ந்தார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் குடல்வால் நோயால் துடித்தபோது, பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்துவிட்டது. பனிமேல் ஓடும் வண்டி செய்வதில் முன்னமே முனைந்திருந்த அவர், 1937-இல் பட்டையை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1959-இல் ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறிய வண்டியை ‘ஸ்கி-டூ’ என்னும் பெயரில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஓடும் பனிவண்டிகளுக்கு அது முன்னோடி.

இனி நமக்கு நேர்ந்ததைக் கூறுவோம். முதலில் நம் மனைவி ஏறினாள். தோளில் போட்டிருந்த நீண்ட சால்வை பின்னால் தொங்கியதை நாமும் கவனிக்கவில்லை. கூட்ட அவசரத்தில் மற்றவரும் கவனிக்கவில்லை. வண்டி பத்துக் கஜம் போவதற்குள் சால்வையின் நுனி சுழலும் பட்டைக்குள் சென்று சிக்கியது. அவள் அலறிய மாத்திரத்தில், ஓட்டியவர் தம் இடுப்புக் கச்சையில் மாட்டியிருந்த ஒரு சுருள் கயிற்றைப் பற்றி இழுத்தார். எஞ்சின் உடனே நின்றது. சால்வை கிழிந்தது; கழுத்தில் சிவந்த கோடு ஒன்று பதிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு விநாடி சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதக் கை வரவில்லை.

அந்த ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க காஷ்மீரி. “பஹன்ஜி, முதலிலேயே நான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்” என்று இந்தியில் வருந்தினார். மாலையில் நம்மைத் தம் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, தேநீர் கொடுத்து, வண்டியின் உள்ளும் புறமும் காட்டி விளக்கினார். அவரிடம் கற்றதையும், பின்னர் நாம் படித்து அறிந்ததையும் நேயர்களுக்காகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, அந்தக் கயிறு. அதன் ஒரு நுனி ஓட்டுபவர் உடையிலும், மறுநுனி எஞ்சினை நிறுத்தும் விசையிலும் இருக்கும். அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். மின்சார ரெயில்களில் டிரைவர் கைப்பிடியை விட்டுவிட்டால் வண்டி தானே நிற்கும்படி அமைத்திருக்கிறார்களே, அதே தத்துவந்தான். கயிறு மாட்டாத ஓட்டுநரின் வண்டியில் ஏற வேண்டா.

இரண்டாவது, புறப்படுமுன் சோதனை. ரெயில் புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்துச் சான்று எழுதுவதுபோல, இதற்கும் உண்டு. வேகம் கூட்டும் நெம்பு வலக்கைப் பெருவிரலின் கீழ் இருக்கும். அதை அழுத்தி விட்டால் உடனே தன்னிடத்திற்குத் திரும்ப வேண்டும். உறைபனி புகுந்து அது சிக்கிக்கொண்டால் வண்டி நிற்காமல் பாயும். ஆகையால் எஞ்சினைக் கிளப்புமுன்னரே இதைப் பார்த்துவிட வேண்டும். பிறகு பிரேக், விளக்கு, நிறுத்தும் விசை, சறுக்குக் கட்டைகள் திரும்பும் விதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் பின்னால் யாரும் நிற்கலாகாது. பட்டை கல்லையும் பனிக்கட்டியையும் வாரி எறியும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடலாகாது. அதன் புகையில் மணமற்ற நச்சு வாயு உண்டு.

மூன்றாவது, பராமரிப்பு. எஞ்சினின் வலுவைப் பட்டைக்குக் கொண்டுசெல்வன இரண்டு கப்பிகளும் அவற்றிடையே ஓடும் ரப்பர் பெல்ட் ஒன்றும். பெல்ட்டின் ஓரம் பிய்ந்திருந்தாலும், மெருகேறி வழுக்கினாலும் மாற்றிவிட வேண்டும். தொலைவு செல்பவர் மாற்றுப் பெல்ட்டும் ஸ்பார்க் பிளக்கும் எடுத்துச் செல்வது வழக்கம். பெல்ட்டின் மேல்மூடி இல்லாமல் ஓட்டுவது பெரும் ஆபத்து; அறுந்த பெல்ட் சாட்டைபோல் வந்து அடிக்கும்.

பின்பட்டை தளர்ந்திருந்தால் பற்களினின்று நழுவும். மிக இறுகினால் விரைவில் தேயும். வண்டியின் கையேட்டில் கண்ட அளவுக்கு அதைச் சரிசெய்ய வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டயங்களுக்கு ஓட்டத்தில் வாரி வீசும் பனியே எண்ணெயும் குளிர்ச்சியும் ஆகும். எனவே பனியற்ற தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட்டினால் அவை காய்ந்து உருகிவிடும். இரு வீச்சு எஞ்சினாயின் அதற்கு உரிய எண்ணெய் குறைவின்றி இருக்க வேண்டும்; எண்ணெய் வற்றினால் எஞ்சின் இறுகிப்போகும். மாலையில் வண்டியை நிறுத்தும்போது பட்டையில் ஒட்டிய ஈரப்பனியைத் தட்டிவிடாவிட்டால், இரவில் அது உறைந்து காலையில் பட்டை அசையாது. பனிக்காலம் முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி, பின்புறத்தைத் தரையினின்று உயர்த்தி, எலி புகாதபடி மூடி வைக்க வேண்டும்.

நான்காவது, மலைச்சரிவு. குல்மார்க்கின் புல்வெளி சமதளமானது. அங்கே கவலை குறைவு. ஆனால் மேலே உள்ள அபர்வத் மலை வேறு. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் அம்மலையில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரும்பாலும் சரிகின்றன. புதுப்பனி கனமாகப் பெய்த மறுநாள் அபாயம் மிகுதி. அதில் சிக்குவோர் பெரும்பாலும் தாமோ தம் கூட்டாளியோ மிதித்து எழுப்பிய சரிவிலேயே சிக்குகின்றனர் என்று வல்லுநர் கூறுகின்றனர். “இன்னும் கொஞ்சம் மேலே அழைத்துப் போ” என்று ஓட்டுநரிடம் பணத்தைக் காட்டி வற்புறுத்துவது நம்மவர் சிலருக்கு வழக்கமாக உள்ளது. அவ்வாறு செய்யலாகாது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாந்தான்.

குடும்பத்தோடு செல்பவர்கள் இவற்றை மறவாதிருங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, சால்வை, மப்ளர், பின்னல் முதலியவற்றை உட்சட்டைக்குள் செருகிக்கொள்க. தலைக்கவசம் கேட்டு வாங்குக. கால்களைப் படியினின்று எடுக்காதீர். ஒரே வண்டியில் தாய், தந்தை, குழந்தைகள் என நால்வர் ஏறிக் காசை மிச்சப்படுத்த எண்ணாதீர். அளவுக்கு மேற்பட்ட சுமையால் வண்டி திரும்பவும் மறுக்கும், நிற்கவும் மறுக்கும்.

மறுநாள் நம் மகளும் ஏறினாள். ஏறுமுன் அவளே ஓட்டுநரின் கச்சையைத் தொட்டுப் பார்த்து, “மாமா, கயிறு மாட்டியிருக்கிறீர்களா?” என்று தமிழில் கேட்டாள். மொழி புரியாவிடினும் கேள்வி அவருக்குப் புரிந்தது. கயிற்றை இழுத்துக் காட்டிச் சிரித்தார்.

கிழிந்த சால்வையைத் தைத்துவிடலாம் என்று நாம் சொன்னோம். “வேண்டாங்க, அப்படியே இருக்கட்டும். காஷ்மீருக்குப் போகிறோம் என்று யாராவது வந்தால் காட்டலாம்” என்றாள் மனைவி. அது நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இவ்வாண்டு பனிகாணப் புறப்படும் அன்பர்கள், பயணத்துக்கு முன் ஒருநாள் மாலை காப்பிக்கு நம் இல்லத்துக்கு வருக.