அக்காளுக்கு ஒரு வழி, தங்கைக்கு ஒரு வழி

ஒரு தாய் வயிற்றில் பிறந்தாலும் இருவர் பசி ஒன்றாவதில்லை. இருந்தும், நம் சிவகிரி வட்டாரத்தில் பெண்மக்கள் இருவர்க்கும் ஒரே அளவெடுத்து வாழ்வு தைக்கிறோம். மூத்தவள் கரையேறிய பிறகே இளையவளுக்கு வழி என்பது எழுதாத சட்டம். அக்காள் பள்ளியை விட்டுப் பீடித் தட்டை மடியில் ஏந்துகிறாள். அந்தக் கூலியில் தங்கை கல்லூரிக்கு வருகிறாள். இதனைத் தியாகம் என்று போற்றுகிறோம். போற்றுவது எளிது. "உன் விருப்பம் என்ன?" என்று அக்காளைக் கேட்டவர் எத்தனை பேர்?

தங்கைக்கும் விடுதலை இல்லை. அக்காள் பட்ட பாட்டுக்குக் கைம்மாறாக, வீட்டார் காட்டும் படிப்பையும் வரனையும் அவள் ஏற்றாக வேண்டும். கடன்பட்டவளைப்போல் வாழ்பவளுக்கு மகிழ்ச்சி ஏது?

ஆளுக்கொரு வழி சென்றால் குடும்பம் சிதறாதா என்று பெரியோர் கேட்பர். புதுக்கோட்டைக் குடும்பம் ஒன்று விடை சொல்கிறது. 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, ஆடவர் பயின்ற மகாராஜா கல்லூரியில் துணிந்து சேர்ந்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே, 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தங்கை நல்லமுத்து மருத்துவத்தை நாடவில்லை. கல்விப்பணியை ஏற்று, ராணி மேரிக் கல்லூரியின் முதல்வராக உயர்ந்தார். மற்றொரு தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அந்தத் துயரம் அக்காளின் நெஞ்சில் விதையாக விழுந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக முளைத்தது. வழிகள் பிரிந்தன, பாசம் பிரிந்ததா?

வறுமைதானே காரணம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வறுமையின் சுமையை மூத்த பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றச் சொன்னது யார்? அண்ணன் தம்பியருக்குத் தோள் இல்லையா?

பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று 1989-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2005-இல் இந்தியா முழுவதும் அது வந்தது. சொத்தில் பங்கு தரச் சட்டம் உண்டு. தன் வாழ்வைப் பற்றிய பேச்சில் பங்கு தர வீட்டார்தாம் முன்வரவேண்டும்.

தோழியரே! உங்கள் படிப்புக்காகப் படிப்பை விட்ட அக்காள் வீட்டில் இருந்தால், அவளை வணங்குவதோடு நிறுத்தாதீர்கள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை அவள் எழுதலாம். நீங்களே ஆசிரியை ஆகுங்கள். தையலோ வாணிபமோ இல்லறமோ அவள் விரும்பினால், அதற்கும் துணை நில்லுங்கள். அவள் மகிழ்ச்சியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அதுவே உடன்பிறப்புக்குச் செய்யும் உண்மையான கைம்மாறு!