பந்தைக் கையில் கொடுத்தவர்



ஆக்லாந்தின் மங்கரேயில் குளிர்காலச் சனிக்கிழமை என்றால் ரக்பிதான். சேறு அப்பிய பூட்ஸ், பல்லுக்குக் காப்பு, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டக் கத்தும் அப்பா அம்மாக்கள். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள்தான் அதிகம் கண்ணில் படுவதில்லை. "எங்கேயாவது அடிபட்டுட்டா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெற்ற வயிற்றின் பயம் எனக்கும் புரிகிறது. அதனால்தான் இந்த மாதம், பெண்களுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்த லாரி ஓ'ரைலியைப் பற்றிச் சொல்ல ஆசை.

கிறைஸ்ட்சர்ச்சில் வக்கீலாக இருந்தவர்; கேன்டர்பரி பல்கலைக்கழக ரக்பி அணிகளின் பயிற்சியாளர். ஆண்கள் அணியோடு நின்றிருந்தாலே பெயர் கிடைத்திருக்கும். பெண்கள் ரக்பியைப் பலர் வேடிக்கையாகப் பார்த்த 1980களின் கடைசியில், பல்கலைக்கழகப் பெண்களுக்கும் பயிற்சி கொடுக்க இறங்கினார். 1989இல் நியூசிலாந்துக்கென்று பெண்கள் அணி அமைந்தபோது பயிற்சியாளர் அவரே. 1990இல் வெளிநாட்டு அணிகள் கிறைஸ்ட்சர்ச்சுக்கே வந்து ஆடின. மறு வருடம் வேல்ஸில் முதல் உலகக் கோப்பை. அரையிறுதியில் அமெரிக்காவிடம் 0-7 என்று தோற்றுத் திரும்பினார்கள்.

1994இல் அவர் நாட்டின் குழந்தைகள் நல ஆணையர் ஆனார். பிள்ளை வளர்ப்பில் அப்பாக்களுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்று ஊர் ஊராகப் பேசினார். களத்தில் பெண்களுக்காக நின்றவர் அப்படிப் பேசியதில் எனக்கு வியப்பே இல்லை.

1998 ஜனவரியில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அதே ஆண்டு மே மாதம், ஆம்ஸ்டர்டாமில், அதே அமெரிக்காவை 44-12 என்று வென்று நியூசிலாந்துப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். இன்னும் நான்கே மாதம் இருந்து அதைப் பார்த்திருக்கக் கூடாதா என்று நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

அதற்குப் பிறகு இன்னும் ஐந்து உலகக் கோப்பைகளை வென்றார்கள். 2022 நவம்பரில் இங்கிலாந்தை 34-31 என்று வென்றது நம் ஈடன் பார்க்கில்தான். 42 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆஸ்திரேலியப் பெண்களோடு ஆடும் தொடரின் கோப்பைக்கு இன்றும் ஓ'ரைலியின் பெயர்தான்.

யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உங்களை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போன பி.டி. மாஸ்டரோ டீச்சரோ ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள், குறிப்பாகப் பெண் வாசகர்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்