பாறை பேசும் மொழி

தில்லி சரோஜினி நகரில் பழைய சர்க்கார் குடியிருப்புகளை இடித்துவிட்டு, அடுக்குமாடிகளுக்காகப் பூமியை ஆழமாகத் தோண்டுவதைப் பார்க்கிறவர்கள், அருகே ஆரவல்லித் தொடரின் கடைக்கோடியாகக் கிடக்கும் ரிட்ஜின் குவார்ட்சைட் பாறை எந்தப் பாரத்தையும் சாசுவதமாகத் தாங்கும் என்று நம்பினால் வியப்பில்லை. ஆனால் எந்தப் பாறையிலும் கண்ணுக்குப் புலப்படாத சூக்ஷ்மமான கீறல்கள் உண்டு. அழுத்தம் ஏற ஏற அவை பாரத்தின் திசையிலேயே நீண்டு, ஒன்றோடொன்று கூடி, முடிவில் சாய்வான ஒரு தளத்தில் பாறையையே பிளந்துவிடுகின்றன. கோலார் தங்கச் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற ஆழங்களில், நெருக்குண்ட பாறை திடீரெனச் சிதறித் தமிழ்த் தொழிலாளர் பலரைப் பலிகொண்ட விபரீதம் இவ்வகையதே. பிளக்குமுன் பாறை பெரும்பாலும் நுண்ணிய அதிர்வொலிகளை எழுப்புகிறது. கருவி வைத்தால் அவற்றைக் கேட்கலாம். அந்தக் கோலாரிலேயே 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தோன்றியது; சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபோதிலும், அங்கே உயிரைக் கொடுத்துப் பெற்ற ஞானம் மூடப்படலாகாது. ஆதலால், மலையைக் குடையும் திட்டங்களில் கண்காணிப்புக் கருவிகளுக்கான செலவை முதலில் வெட்டுவது, என் அபிப்பிராயத்தில், சிக்கனம் என்ற பெயரில் செய்யும் பாதகமே.